ஏழரை நாள்: ஒரு சிசிடிவி செலவுக் கணக்கு

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உக்காந்துக்குங்க. காபி இந்தக் கதைக்குள்ளேயும் வரும். :-)

எங்க மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) கும்பகோணத்துல பாத்திரக்கடை. பித்தளை, எவர்சில்வர், வெண்கலம், ஓரமா ஒரு வெள்ளிச் சாமான் கவுண்ட்டர். தை முகூர்த்த வியாபாரம் எல்லாம் முடிஞ்சு இருப்பு எண்ணும்போது ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கைக் காணோம். பில் புத்தகத்தையும் இருப்பு நோட்டையும் வெச்சுத் தேடினதுல, காணாமப் போய்ப் பதினோரு நாளாவது ஆகியிருக்கும்னு தெரிஞ்சுது. அந்த வாரம் வெள்ளிக் கவுண்ட்டர்ல நின்னது ஒரு சின்னப் பையன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆச்சு. எல்லாரும் அவனைத்தான் பார்த்தாங்க. அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "மொதலாளி, கேமராவைப் போட்டுப் பாருங்க."

கடையில 12 கேமரா இருக்கு. 2018ல மாட்டினது. போட்டுப் பார்த்தாங்க. ஏழரை நாளுக்கு முன்னாடி எதுவுமே இல்லை. டிஸ்க் நிறைஞ்சதும் பழைய படத்து மேலேயே புதுப் படம் பதிவாகிக்கிட்டே வந்திருக்கு. இது இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாது. மாமா போலீசுக்குப் போகலை, பையனை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஆனா மறுநாள் வெள்ளிக் கவுண்ட்டர்ல வேற ஆளை நிக்க வெச்சார். நாலாம் நாள்லேர்ந்து பையன் வேலைக்கு வரலை.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஃபோன். "டேய் மாப்ள, நீ ஈ.சி.ஈ. படிச்சுட்டுப் பொட்டி தட்டுறவன்தானே? புதுசாக் கேமரா போட ரெண்டு பேர் கொட்டேஷன் குடுத்திருக்கான். ஒருத்தன் அனலாக்குங்கிறான், இன்னொருத்தன் ஐ.பி.ங்கிறான். ஐ.பி.காரன் ஒன்றரை மடங்கு கேக்குறான். எது தேவலைன்னு பார்த்துச் சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன் மாமா"ன்னு ஃபோனை வெச்சேன். அந்த நாளை வர மூணு வாரமாச்சு. ஏன்னா இந்த "அனலாக்கா, ஐ.பி.யா, எது சீப்பு" சண்டைக்கு முப்பது வருஷ வரலாறு இருக்கு. நோண்ட ஆரம்பிச்சா விட முடியலை. நோண்டினதுல பாதியை இங்க கொட்டுறேன். முடிவையும் கடைசியில சொல்றேன்.

பார்க்க மட்டும்தான், வைத்துக்கொள்ள முடியாது

முதல் சிசிடிவி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1942ல் ஜெர்மனியின் பீனமுண்டேவில் இருந்தது. பின்னால் வி-2 என்று பேர் வாங்கி லண்டனிலும் ஆண்ட்வெர்ப்பிலும் போய் விழுந்த ராக்கெட்டை அங்கேதான் சோதனை செய்தார்கள். கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆள் மிஞ்ச மாட்டான். அதனால் கேமராவை அங்கே வைத்து, கேபிள் இழுத்து, தள்ளி இருந்த அறையில் படம் பார்த்தார்கள். அதை வடிவமைத்தவர் வால்ட்டர் ப்ரூக்.

இந்த ஆள் பேரை ஞாபகம் வெச்சுக்குங்க. போர் முடிந்த பிறகு டெலிஃபுங்கன் கம்பெனியில் இருந்துகொண்டு 1963ல் பால் என்ற கலர் டிவி முறையை உலகத்துக்குக் காட்டியவரும் இவரேதான். 625 கோடு, வினாடிக்கு 25 படம். நம்ம தூர்தர்ஷன் 1982ல் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் அதைத்தான். இந்தியக் கடைகளில் தொங்கிய பழைய அனலாக் கேமராக்களும் அதே முறைதான். ராக்கெட் பார்க்கக் கேபிள் இழுத்தவர் கைவண்ணம் நம்ம ஊர் நகைக்கடை வரைக்கும் வந்திருக்கு.

சிசிடிவி என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. மூடிய சுற்று. டிவி நிலையம் மாதிரி ஆகாயத்தில் பரப்புவது கிடையாது. கேமராவிலிருந்து ஒரு கேபிள், அந்தக் கேபிளின் மறுமுனையில் ஒரு திரை. ஒரு கேமராவுக்கு ஒரு கேபிள். நாலு கேமராவுக்கு நாலு கேபிள். அனலாக் செலவுக் கணக்கின் அடிப்படையே இதுதான்.

அன்றைக்குப் பதிவு செய்யும் வசதி கிடையாது. கண் சிமிட்டினால் போச்சு. அப்ப உண்மையான செலவு கேமராவா? இல்லை. திரை முன்னாடி மூணு ஷிஃப்ட்டுக்கு உட்கார வேண்டிய ஆள். அவருடைய சம்பளம் கேமராக்காரரின் கொட்டேஷனில் வராது. இந்த விஷயம் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், பாருங்க. கொட்டேஷனில் ஒரு தொகை இருக்கும். நிஜமான செலவு அதுக்குப் பக்கத்தில் வேற எங்கேயோ உட்கார்ந்திருக்கும்.

டேப் காலம்

படத்தைப் பதிவு செய்யும் மெஷின் 1956ல் வந்தது. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி. விலை 50,000 டாலர். ரெண்டு அங்குல அகல டேப். டிவி நிலையங்கள்தான் வாங்க முடியும், எந்தக் கடைக்காரரும் வாங்க முடியாது. கடைக்காரர்களுக்கு விடிவு கேசட்டில் வந்தது. ஜே.வி.சி. 1976ல் வி.ஹெச்.எஸ். கொண்டுவந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் டைம் லாப்ஸ் வி.சி.ஆர்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். மூணு மணி நேர கேசட். ஆனா ஒரு நாள் முழுக்க ஒரே கேசட்டில் அடங்க வேண்டும். அதாவது எட்டு மடங்கு இழுக்க வேண்டும். பால் முறையில் வினாடிக்கு 50 அரைப்படம் (ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை. ரெண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழுப்படம்). எட்டால் வகுத்தால் வினாடிக்கு ஆறே கால். ஒரு கேமரா என்றால் ஓக்கே.

ஆனா கேமராவுக்கு ஒரு வி.சி.ஆர். யார் வாங்குவது? அதனால் மல்டிபிளக்ஸர் என்று ஒரு பொட்டி வந்தது. 16 கேமராவையும் மாற்றி மாற்றி ஒரே கேசட்டில் பதியும். இப்ப ஒவ்வொரு கேமராவுக்கும் எத்தனை நேரத்துக்கு ஒரு படம்? 16ஐ ஆறே காலால் வகுங்க. 2.56 வினாடி! கல்லாப்பெட்டிக்குள் ஒரு கை போய் வெளியே வர அவ்வளவு நேரம் போதும். கேமரா இருந்தது, கேசட் ஓடியது, சிவப்பு விளக்கும் எரிந்தது. ஆனா கை உள்ளே போன படம் இருக்காது.

இதோடு டேப் செலவு வேறு. மாசத்துக்கு 31 கேசட், தேதி எழுதி ஒட்டி, தினமும் ஒருத்தர் மாற்ற வேண்டும். திரும்பத் திரும்பப் பதிந்தால் டேப் தேய்ந்து படம் பனி பெய்தது மாதிரி ஆகும். அதனால் அப்பப்ப மொத்தமாகப் புது கேசட் வாங்க வேண்டும். மறந்துபோய் அதே கேசட் ஓடிக்கொண்டிருந்த கடைகளும் உண்டு.

2000ஐ ஒட்டி டி.வி.ஆர். வந்து இந்தத் தொல்லையை ஒழித்தது. கேசட் போய் ஹார்ட் டிஸ்க். இதில் ஒண்ணு கவனிக்கணும். டிஜிட்டல் ஆனது பதிவு செய்யும் பொட்டி மட்டும்தான். கேமராவும் கேபிளும் அப்படியே பழைய அனலாக். சுவருக்குள்ளே அதே ஒரு கேமராவுக்கு ஒரு கேபிள்.

ஒரு காபிப் பாத்திரமும் ஒரு ஸ்வீடன் கம்பெனியும்

இனி நெட்வொர்க் கட்சிக்கு வருவோம். நம்ம ஆளுங்க கதை. :-)

1991, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வகம். ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவாக ஒரு காபி மெஷின். வேறு மாடியில் உட்கார்ந்திருப்பவர் ஆசையாக இறங்கி வந்தால் பாத்திரம் காலி. இந்த மாபெரும் சமூகப் பிரச்சினையைத் தீர்க்க க்வென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கேமராவை அங்கே மாட்டினார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளைப் படம். நிமிஷத்துக்கு மூணு தடவை புதுசாகும். காபிப் பாத்திரம் அதைவிட வேகமாகவா நிறையப் போகுது? 1993ல் அதை இணையத்திலும் விட்டார்கள். உலகமே காபிப் பாத்திரத்தைப் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 22ல் நிறுத்தினார்கள். அந்தக் காபிப் பாத்திரத்தை ஈபேயில் ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது.

இதை ஜோக்காகத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குச் செலவுக் கணக்குதான் பட்டது. அவர்கள் மாடி மாடியாகக் கேபிள் இழுக்கவில்லை. ஒரு கேமராவை ஒரு கம்ப்யூட்டரில் சொருகினார்கள், அவ்வளவுதான். மீதி வேலையை ஏற்கெனவே அந்தக் கட்டிடத்தில் இருந்த நெட்வொர்க் பார்த்துக்கொண்டது. எத்தனை பேர் பார்த்தாலும் கூடுதல் கேபிள் பூஜ்யம். ஐ.பி. கேமராவின் மொத்த வியாபார வாதமும் இந்தக் காபிப் பாத்திரத்துக்குள்ளே இருக்கு.

அதைப் பொருளாகக் கடைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனில் லண்ட் என்ற ஊரில் 1984ல் ஆரம்பித்த ஆக்ஸிஸ் கம்பெனி. பிரின்ட்டரை நெட்வொர்க்கில் மாட்டும் பிரிண்ட் சர்வர் விற்றுக்கொண்டிருந்தவர்கள். பிரின்ட்டரை மாட்டலாம் என்றால் கேமராவை ஏன் மாட்டக்கூடாது? 1996ல் நெட்ஐ 200 என்ற முதல் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

எப்படி இருந்தது? சின்னப் படம் (352க்கு 288) வினாடிக்கு ஒண்ணு. பெரிய படம் (704க்கு 576) வேணும்னா 17 வினாடிக்கு ஒண்ணு. அவ்வ்வ்... அதே நேரத்தில் சாதாரண அனலாக் கேமரா வினாடிக்கு 25 படம் அலட்டாமல் தந்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி? அந்த அனலாக் படத்தை அப்படியே எண்ணாக மாற்றிப் பாருங்க. 704 பெருக்கல் 576 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், வினாடிக்கு 25 படம். கிட்டத்தட்ட வினாடிக்கு 162 மெகாபிட். அன்றைக்கு ஆபீஸ்களில் பரவலாக இருந்த ஈதர்நெட் வேகம் 10 மெகாபிட். ஒரே ஒரு கேமராவைக்கூட அப்படியே அனுப்ப முடியாது. அதனால் கேமராவுக்குள்ளேயே படத்தைச் சுருக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வேண்டும். அனலாக் கேமராவுக்குள் இந்த மூளை கிடையாது, தேவையும் இல்லை. ஐ.பி. கேமரா விலை கூட இருப்பதற்குக் காரணம் இந்த மூளை.

அப்புறம் ரெண்டு விஷயம் காற்றை அந்தப் பக்கம் திருப்பியது. 2003ல் ஹெச்.264 என்ற சுருக்கும் முறை வந்தது. அதே வருஷம் பி.ஓ.இ. தரநிலையும் வந்தது, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட்டும் போகும். அனலாக் கேமராவுக்குப் படத்துக்கு ஒரு ஒயர், கரண்ட்டுக்கு ஒரு ஒயர் (நம்ம ஊர்ல 3+1 கேபிள்னு கேட்டு வாங்குறோமே, அது இந்த ரெண்டையும் ஒண்ணா முறுக்கினதுதான்). ஐ.பி.க்கு ஒரே ஒயர். கேமரா பக்கத்தில் பிளக் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டியதில்லை.

32 என்ற மந்திர எண்

இப்பதான் மாமா கேட்ட கேள்விக்கு வந்திருக்கோம்.

2000களின் பின்பகுதியில் ஆக்ஸிஸ் கம்பெனியும் லண்ட் பல்கலைக்கழகத்தின் லூசாக்ஸ் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கற்பனைப் பள்ளிக்கூடம், 40 கேமரா. வட அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்களிடம் விலை கேட்டார்கள். கேமரா விலை மட்டும் இல்லை. கேபிள், மாட்டும் கூலி, பதிவுப் பொட்டி, எல்லாம் சேர்த்து. விடை: ஐ.பி. முறை 3.4 சதவீதம் சீப்பு. ரெண்டும் சமமாகும் இடம் 32 கேமரா. அதுக்குக் கீழே அனலாக், மேலே ஐ.பி. ஏற்கெனவே நெட்வொர்க் கேபிள் போட்ட கட்டிடம் என்றால் எத்தனை கேமராவாக இருந்தாலும் ஐ.பி.தான் சீப்பு.

நெட்வொர்க் கேமரா விற்பவர் கூடச் சேர்ந்து போட்ட கணக்கில் நெட்வொர்க் கேமரா ஜெயித்ததில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. எனக்கு ஆச்சரியம், வெறும் 3.4 சதவீதம்தான் ஜெயித்தார்கள் என்பது. விற்பவரே இவ்வளவுதான் சொல்ல முடிந்தது என்றால் அன்றைக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே செலவு என்றுதானே அர்த்தம்?

ஏன் 32 பக்கத்தில் வருகிறது? கோடு போட்டுப் பார்த்தால் புரியும். அனலாக்கில் ஒவ்வொரு கேமராவுக்கும் பதிவுப் பொட்டி வரைக்கும் தனிக் கேபிள், தனிக் கூலி. டி.வி.ஆர். 16 கேமரா பிடிக்கும். 17வது கேமரா வாங்கினால் கூடவே ரெண்டாவது டி.வி.ஆர். வாங்கணும். 33வதுக்கு மூணாவது. ஐ.பி.யில் ஆரம்பச் செலவு கனம்: ஸ்விட்ச், சர்வர், சாஃப்ட்வேர் லைசென்ஸ். ஆனா அதுக்கப்புறம் ஒரு கேமரா கூட்டுவது பக்கத்து ஸ்விட்ச்சில் சொருகுவதுதான். ஒரு கோடு தாழ்வாக ஆரம்பித்துச் செங்குத்தாக ஏறுது. இன்னொண்ணு உயரத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏறுது. எங்கேயோ ஒரு இடத்தில் வெட்டிக்கும்.

ஆனா அது எங்கே வெட்டிக்கும் என்பது இயற்கை விதி கிடையாது மக்களே. அமெரிக்காவில் கேபிள் இழுக்கும் ஆள் கூலி ரொம்ப அதிகம். அதனால் கேபிளையும் கூலியையும் குறைக்கும் முறைக்கு அங்கே சீக்கிரம் லாபம் வரும். கும்பகோணத்தில் கூலி கம்மி, வெளியிலிருந்து வரும் பொருளுக்குத்தான் காசு. அதே ரெண்டு கோட்டை இங்கே வரைந்தால் வெட்டும் இடம் வலது பக்கம் ரொம்ப தூரம் தள்ளிப் போயிடும். இணையத்தில் "ஐ.பி. சீப்பு" என்று படித்துவிட்டு வந்து நம்ம ஊர்க் கடைக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பதற்குக் காரணம் இதுதான். ரெண்டு பேர் சொல்வதும் சரி, ஊர்தான் வேற.

செத்ததுன்னு நினைச்சது எழுந்து வந்தது

2010 வாக்கில் அனலாக் செத்தாச்சு என்றுதான் பேச்சு. ஐ.பி.யில் மெகாபிக்ஸல் வந்தாச்சு, அனலாக் 1963 முறையிலேயே நிக்குது, இன்னும் நாலு வருஷம்தான் என்றார்கள்.

2012ல் சீனாவின் டாஹுவா கம்பெனி ஹெச்.டி.சி.வி.ஐ. என்று ஒண்ணைக் கொண்டுவந்தது. அதே பழைய கோ-ஆக்ஸ் கேபிள், அதே பி.என்.சி. முனை, ஆனா போவது ஹெச்.டி. படம். அதுவும் சில நூறு மீட்டர் தூரம், தாமதம் இல்லாமல். (ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர்.) பின்னாடியே டி.வி.ஐ., ஏ.ஹெச்.டி. என்று போட்டி முறைகளும் வந்தன. ஒரே டி.வி.ஆர். எல்லாத்தையும் வாங்கிக்கொள்ளும்படி ஆனது. சில இடம் ஐ.பி. கேமராவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

ஒரு தொழில்நுட்பம் தோற்ற பிறகு ஏன் திரும்பி வந்தது? சுவருக்குள்ளே கிடந்த கேபிள். உலகம் முழுக்கக் கடைகளிலும் வங்கிகளிலும் ஏற்கெனவே இழுத்து, பூசி, பெயிண்ட் அடித்து முடித்த கோ-ஆக்ஸ். அதைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போடும் செலவை யாரும் செய்யத் தயாராக இல்லை. கேம்பிரிட்ஜில் ஏற்கெனவே இருந்த நெட்வொர்க் ஐ.பி.க்குச் சாதகமாக இருந்த மாதிரியே, இங்கே ஏற்கெனவே இருந்த கோ-ஆக்ஸ் அனலாக்குக்குச் சாதகமானது. ரெண்டு இடத்திலும் ஜெயித்தது சுவருக்குள் இருந்த ஒயர்தான்.

யாரும் கொட்டேஷனில் போடாதது

கேமரா, கேபிள், கூலி. இதெல்லாம் எழுதிப் போட்டுவிடலாம். எழுத முடியாத செலவு சிலது இருக்கு.

2011ல் தாய்லாந்தில் வெள்ளம். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் முங்கின. உலகம் பூரா டிஸ்க் விலை எகிறியது. கேமரா அனலாக்கா ஐ.பி.யா என்று வெள்ளம் பார்க்கவில்லை, ரெண்டுக்கும் டிஸ்க் வேணும்.

2016ல் மிராய். அறுபத்துச் சொச்சம் யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை (கம்பெனியில் வைத்து அனுப்பியதை யாரும் மாற்றாதது) வரிசையாகப் போட்டுப் பார்த்து லட்சக்கணக்கான பொட்டிகளைப் பிடித்த வைரஸ். பிடிபட்டதில் பெரும்பங்கு ஐ.பி. கேமராக்களும் டி.வி.ஆர்.களும். செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் தளத்தை வினாடிக்கு 600 கிகாபிட்டுக்கு மேல் அடித்தார்கள். அக்டோபர் 21ல் டைன் என்ற கம்பெனியை அடித்தபோது அமெரிக்காவில் நிறையப் பேருக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் போச்சு. "நம்மது அனலாக், நமக்கென்ன" என்று யாரும் இருக்க முடியாது. மொபைலில் கடையைப் பார்க்கலாம் என்று டி.வி.ஆர்.ஐ இணையத்தில் மாட்டிய அன்றைக்கே அது மூடிய சுற்று இல்லை. இந்தியாவில் 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமரா விற்கப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் ஆனதற்குப் பின்னால் இந்த மாதிரி பயங்கள்தான். சோதனைக்கும் காசு. அதுவும் விலையில் வந்து உட்காரும்.

மூணாவது, எங்க மாமா கடை மேட்டர்.

கடை டி.வி.ஆர்.ல கேமராவுக்கு வினாடிக்கு 2 மெகாபிட்னு செட் பண்ணியிருந்தாங்க. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஒரு கேமராவுக்கு 21.6 ஜி.பி. 12 கேமராவுக்கு 259 ஜி.பி. உள்ளே இருந்த டிஸ்க் 2 டி.பி. வகுத்துப் பாருங்க. ஏழே முக்கால் நாள், கொஞ்சம் இடம் ஃபார்மேட்டுக்குப் போனா ஏழரை. சனி பகவான் எங்கெங்கேயோ உக்காருவார்னு கேள்விப்பட்டிருக்கேன், டி.வி.ஆர்.க்குள்ள உக்காந்து இப்பதான் பார்க்கிறேன்.

மாட்டிட்டுப் போனவர் வாயால சொன்னது "ஒரு மாசம் இருக்கும் சார்". மாமாவும் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கலை. நேரலையில படம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, அது போதும்னு இருந்துட்டார்.

இப்ப வந்த ரெண்டு கொட்டேஷனையும் வாட்ஸப்ல அனுப்பச் சொல்லிப் படிச்சேன். கேமரா எத்தனை மெகாபிக்ஸல், கேபிள் எத்தனை மீட்டர், எஸ்.எம்.பி.எஸ். எத்தனை ஆம்ப், எல்லாம் இருந்துச்சு. எத்தனை நாள் பதிவு இருக்கும்னு ரெண்டுலயும் ஒரு வரி இல்லை. ஒன்றரை மடங்கு குடுத்து ஐ.பி. வாங்கியிருந்தாலும் அந்தப் பையன் கேட்ட படத்தைக் காட்டியிருக்க முடியாது. அனலாக் வாங்கியிருந்தாலும் அப்படித்தான்.

சரி, என்னதான் வாங்கினீங்க?

"மாமா, ரெண்டும் வேணாம்."

"என்னடா சொல்ற?"

"பன்னெண்டு கேமராவும் நல்லாத்தான் இருக்கு. சுவத்துல கேபிளும் இருக்கு. டிஸ்க்கை மட்டும் மாத்துங்க. முப்பது நாளுக்கு 8 டி.பி. வேணும். உங்க டி.வி.ஆர். அதை ஏத்துக்கும், மேனுவலைப் பார்த்துட்டேன்."

குடோனுக்கு நாலு கேமரா வேணும்னார். அங்க பில்லிங் கம்ப்யூட்டருக்காக ஏற்கெனவே நெட்வொர்க் கேபிள் போட்டிருக்கு. அதனால அங்க ஐ.பி., ஒரு சின்ன பி.ஓ.இ. ஸ்விட்ச்சோட. அதே டி.வி.ஆர்.லயே அந்த நாலும் வந்து சேர்ந்துக்கும். லண்ட் ஊர்க் கணக்கோட கடைசி வரி இது ஒண்ணுதான் எங்களுக்கு அப்படியே பொருந்துச்சு. மொத்தச் செலவு சீப்பான கொட்டேஷன்ல பாதிக்கும் கம்மி. பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. (பழசு என்னன்னு கேக்காதீங்க. நீங்க நினைக்கிறதேதான்.)

எல்லாம் மாட்டி முடிச்சதும் மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "இதை அப்பவே செஞ்சிருந்தா எவ்வளவுடா ஆயிருக்கும்?"னு கேட்டார். ஒரு டிஸ்க் விலைன்னு சொன்னேன். அவர் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை.

குத்துவிளக்கு கிடைக்கலை. யார் எடுத்தாங்கன்னும் தெரியலை. பையன் எடுத்தான்னோ எடுக்கலைன்னோ இனிமே யாராலயும் சொல்ல முடியாது. போன வாரம் மாமா அவன் வீட்டுக்குப் போய் பாக்கிச் சம்பளத்தைக் குடுத்துட்டு வந்திருக்கார். பையன் வீட்ல இல்லையாம். அவங்கம்மா வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம், ஒண்ணும் பேசலையாம். "திரும்பி வரச் சொல்லுங்கன்னு சொல்லணும்னுதான்டா போனேன். வாய் வரலை"ன்னார்.

உங்க கடையிலயோ அபார்ட்மெண்ட்லயோ கேமரா இருந்தா, அது அனலாக்கா ஐ.பி.யாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். இன்னைக்கு ராத்திரி போய் அதுல இருக்கிற ரொம்பப் பழைய படம் எந்தத் தேதின்னு மட்டும் பாருங்க. எத்தனை நாள் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் கேமரா விக்கிறவன் இல்லை. "எங்க அபார்ட்மெண்ட்டுக்கும் வந்து பார்த்துக் குடுங்க"ன்னு தனிமடல் அனுப்பாதீங்க, ப்ளீஸ். ஏற்கெனவே சித்தப்பா ஃபோன் பண்ணிட்டார். :-)